மனைவியாக இருக்கும்வரை சலுகை

"புருஷன் பொண்டாட்டியா இருக்கறப்பவே எழுதிடணும், பாப்பா. பிரிஞ்சிட்டீங்கன்னா அப்புறம் செலவு தாங்காது."

அண்ணன் இதைச் சொன்னபோது அவள் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எத்தனையாவது சுற்று என்பது அந்த நொடியில் மறந்துபோனது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. ஒரு மோட்டாருக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் காயில்கள் ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சுற்று இருக்க வேண்டும். ஒன்றில் குறைந்துபோனால் சுமை சரியாகப் பிரியாது. அந்த ஒன்று மட்டும் சூடேறிக் கருகும். கருகிய நாற்றம் மூக்கில் ஏறும்வரை வெளியே நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

அவள் சுற்றும் கருவியின் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுழற்றிக் கம்பி முழுவதையும் பிரித்தாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"வீடு என் பேர்லதானே இருக்கு?"

"உன் பேர்ல இருக்கறது பேருக்குத்தானே, பாப்பா."

நாற்பதைத் தாண்டியும் வீட்டாருக்கு அவள் பாப்பாதான். தெருவுக்கு அவள் காயில்காரம்மா. அந்த ஊரில் கருகிப்போகும் தண்ணீர் மோட்டார்கள் எல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அவளுடைய பட்டறை. சுவரோரமாகக் காயிலில் பூசிய வார்னிஷைக் காயவைக்கும் அடுப்பு, பெரிய மோட்டார்களை ஓட்டிப் பார்ப்பதற்கென்று எழுதிக் கொடுத்து, அலைந்து வாங்கிய மும்முனை மின் இணைப்பு, கூரையிலிருந்து தொங்கும் சங்கிலிக் கப்பி. மாடியில் இரண்டு அறையும் சமையலறையும். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கணவர் பம்ப் வியாபாரி. சில மாதங்களாக அவர் ஊரின் மறுகோடியில் இருக்கும் தன் கடைக்கு மேலேயே தங்கிக்கொள்கிறார். அங்கே இன்னொருத்தி இருக்கிறாள் என்பது, இப்படிப்பட்ட விஷயங்களில் எப்போதும் நடப்பதுபோல, தெருவுக்கெல்லாம் தெரிந்து முடிந்த பிறகு இவளுக்குத் தெரிந்தது.

அவர் சத்தம் போடத் தெரியாதவர். "உன்மேல குறை சொல்ல ஒண்ணுமில்ல. எனக்கு மனசு ஒட்டல. கௌரவமா பிரிஞ்சுக்கலாம்," என்றார். அதையும் ஒரு மோட்டாரின் மூடியைத் திருகிக் கொடுத்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் அழவில்லை. ஒட்டாததைப் பிடித்து ஒட்டவைப்பதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அதற்குப் பிறகு நடந்த பேச்சையெல்லாம் அண்ணன் ஏற்றுக்கொண்டார். "நீ வேலையைப் பாரு. ஆம்பளைங்க நாங்க பேசிக்கறோம்."

பேசி முடித்ததைத்தான் இப்போது கொண்டுவந்திருந்தார்.

வீடு அவள் பெயருக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். இவர்கள் வீடு வாங்கியபோது, பெண் பெயரில் பதிவு செய்தால் முத்திரைக் கட்டணத்தில் சலுகை இருந்தது. பெண்களுக்கென்று ஒரு சொத்து இருக்கட்டும் என்று நினைத்த யாரோ ஒரு நல்லவர் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஊர்க்காரர்கள் அதன் கருத்தை விட்டுவிட்டுச் சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தெருவில் பாதி வீடுகள் மனைவிமார் பெயரில்தான் இருக்கின்றன. ஆனால் வீட்டுவரி கேட்டு வருகிறவர், வாசலில் நிற்கும் உரிமையாளரைப் பார்த்தே "சார் இல்லீங்களா?" என்றுதான் கேட்பார். இவள் வீட்டுக் கடனில் ஒரு பாதியைக் காயில்கள்தான் அடைத்தன. மறுபாதியைக் கணவரின் கடை அடைத்தது. அதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நியாயமான பங்கை மறுக்கும் எண்ணமும் இல்லை.

"இப்ப என்ன செய்யணும்ங்கற?" என்று கேட்டாள்.

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். எதையும் விரித்துக் காட்டி விளக்குவதில் சமர்த்தர்.

"வீட்டை மாப்பிள்ளை பேருக்குத் தானப் பத்திரமா எழுதிக் குடுத்துடு. ஒரே குடும்பத்துக்குள்ள மாத்திக்கறதுக்குச் சின்னக் கட்டணம்தான். அவர் அதை நல்ல விலைக்கு வித்துப் பாதியை உன் கையில குடுத்துடுவாரு. விவாகரத்து ஆனப்புறம் எழுதினா நீங்க ரெண்டு பேரும் அந்நியங்க. சந்தை மதிப்புக்கு முழுக் கட்டணம். வீணா எவனுக்கோ போகும்."

கணக்கு அவளுக்குப் புரிந்தது. ஒருவர் தன் இடது கையிலிருந்து வலது கைக்கு ஒன்றை மாற்றினால் அதற்கு எதற்கு வரி என்பதுதான் அந்தச் சட்டத்தின் யோசனை. கல்யாணம் இருக்கிறவரை இரண்டும் ஒரு உடம்பின் கைகள். நீதிபதி கையெழுத்துப் போட்ட மறுநாள் அவை வேறு வேறு உடம்பு.

"அப்போ என்னோட பாதியையும் பத்திரத்துலயே எழுதிடலாமே?"

"அங்கதான் சிக்கல். பதிலுக்கு ஏதாவது வாங்கறேன்னு எழுதினா அது தானம் இல்ல, விற்பனை. சலுகை போயிடும். அதனால அது வாய்ப்பேச்சுதான். நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் தலையாட்டினாள். அவளுக்கு மெக்கர் என்ற கருவி ஒன்று உண்டு. கம்பிக்கும் மோட்டாரின் இரும்பு உடம்புக்கும் நடுவில் எங்காவது கசிவு இருக்கிறதா என்று காட்டும். அதை வைத்துப் பார்க்காமல் எந்த மோட்டாரையும் அவள் வெளியே அனுப்பியதில்லை. ஆனால் அண்ணனை வைத்துப் பார்க்கக் கருவி எதுவும் அவளிடம் கிடையாது. இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு மோட்டார் வேலை எதுக்கு?" என்று அப்பா குதித்தபோது, தினமும் அவளைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துப் பயிற்சி நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் அண்ணன்தான். மேட்டில் மூச்சு வாங்க மிதிப்பார். இறங்கி நடக்கிறேன் என்றால், "உக்காருடி, நீ இறங்கினா நான் விழுந்துடுவேன்," என்பார்.

பத்திரம் எழுதுபவரின் அறை பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்தது. ஒரு கணினி, ஒரு அச்சு இயந்திரம், நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடியோடு அவர். தொழிலை ரசித்துச் செய்பவர். வாசகத்தைப் பாட்டுப்போல ராகம் போட்டு வாசித்தார்.

"...என் கணவராகிய தங்கள்மீது எனக்குள்ள இயற்கையான அன்பையும் பற்றையும் முன்னிட்டு, எவ்விதப் பிரதிபலனும் பெறாமல், முழுமனதுடன்..."

"அன்பா?" என்றாள் அவள்.

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். கேள்வி கேட்கிறவர்கள் அவருக்கு அபூர்வம்.

"போட்டே ஆகணும்மா. காசு வாங்கிட்டுக் குடுத்தா விற்பனை. சும்மா குடுத்தா, ஏன் சும்மா குடுத்தீங்கன்னு ஒரு காரணம் வேணும்ல? அன்பு ஒண்ணுதான் காரணம். வேற காரணம் சட்டத்துக்குத் தெரியாது."

"அடுத்த மாசம் கோர்ட்ல கொடுக்கற மனுவுல என்ன எழுதுவாங்க?"

"அது வக்கீல் எழுதுவாரு. ரொம்ப நாளா எங்களுக்குள்ள ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு வரும்."

"ரெண்டுலயும் நான்தானே கையெழுத்துப் போடணும்?"

"ஆமா."

"அதுல எது நிஜம்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டுமே நிஜம்தாம்மா. இது இந்த ஆபீஸுக்கு நிஜம், அது அந்த ஆபீஸுக்கு நிஜம்."

"வாயைக் குடுத்துட்டே இருக்காத, பாப்பா. அவருக்கு வேலை இருக்கு," என்றார் அண்ணன்.

"இருங்க சார், கேக்கட்டும். கேக்கறது நல்லதுதான்."

அவள் கேட்டாள். "குடுத்ததுக்கு அப்புறம் ஏதாவது தப்பாப் போச்சுன்னா திரும்ப வாங்கிக்க முடியுமா?"

"தானம் குடுத்தது குடுத்ததுதாம்மா. பதிவாகி, அவர் ஏத்துக்கிட்டார்னா முடிஞ்சது கதை. கடவுளே வந்தாலும் திருப்ப முடியாது."

அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்தை அண்ணன் போட்டார். மறுநாள் காலையில் பதிவு என்று நேரம் குறித்துக்கொண்டு கிளம்பினார்கள். திரும்பும் வழியில் அண்ணன் அவளுக்குப் பழச்சாறு வாங்கிக் கொடுத்தார். "எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. நீ வந்துடு. அண்ணிக்கும் துணையாச்சு," என்றார். தனக்கென்று இப்படி ஒரு ஆள் இருக்கிறாரே என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் தச்சர் வந்தார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல வேலைக்காரர், கை சுத்தம். ஆனால் எப்போது கேட்டாலும் "நாளைக்கு வந்துடறேன்" என்பதால் நாளைக்கு என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அண்ணன் வீட்டில் அதற்கு ஒரு எழுதாத வழக்கம் வைத்திருந்தார்கள். எந்த நாளில் அவர் தேவையோ, அதற்கு இரண்டு வாரம் முந்திய நாளை அவரிடம் சொல்வார்கள். அவர் இரண்டு வாரம் தாமதித்துச் சரியான நாளுக்கு வந்து நிற்பார். ஆண்டுக்கணக்காகத் தவறாமல் நடந்துவந்த ஏற்பாடு.

அன்றைக்குச் சொன்ன நாளிலேயே அவர் வந்துவிட்டார். ஒத்துக்கொண்டிருந்த வேறொரு வேலை தள்ளிப்போனதால் கை சும்மா இருந்ததாம்.

"பாத்தீங்களாக்கா! சொன்ன தேதி, சொன்ன நேரம். இனிமே எவனாவது என்னை நாளைக்குன்னு கூப்பிடட்டும், பேசிக்கறேன்."

"யாரு வரச் சொன்னது?"

"உங்க அண்ணன்தான்." அளவு நாடாவை இழுத்துச் சுவரில் வைத்தபடியே பேசினார். "இந்தப் பக்கம் ஃபுல்லா டைல்ஸ் சாம்பிள் ரேக்கு. அந்தப் பக்கம் பில் போடற மேசை. சுவரோரமா இது என்னக்கா, பீரோ மாதிரி? இது எப்போ போகும்?"

"அது அடுப்பு. வார்னிஷ் காயவைக்கறது."

"ஓ. அது இருந்தா ரேக்கு வராதுக்கா. அண்ணன் கண்டிஷனா சொல்லிட்டாரு, தேக்குலயே போடு, பத்து வருஷத்துக்கு அசையக் கூடாதுன்னு. மாப்பிள்ளைதான் பத்து வருஷம் வாடகையே ஏத்தறதில்லன்னு ஒத்துக்கிட்டாராமே? மெயின் ரோட்டு முக்குல இப்படி ஒரு இடம் யாருக்குக் கிடைக்கும்! இருந்தாலும் மச்சானுக்குச் செய்யற மனசு வேணும்லக்கா."

அவள் கையில் காகிதப் பட்டை இருந்தது. கம்பி இரும்பைத் தொடாமல் இருக்க மோட்டாரின் பள்ளங்களில் மடித்து வைக்கும் தடித்த காகிதம். அதை அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். தேவைக்கு மேலும் மடித்தாள்.

"இதெல்லாம் எப்போ பேசினாங்க?"

"போன மாசமேக்கா. ரெண்டு பேரும் சேர்ந்துதானே என் பட்டறைக்கு வந்தாங்க, மரம் பார்க்க."

போன மாதம். அண்ணன் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து தானப் பத்திரத்தை விளக்கியது போன வாரம். விற்கப்போகிற வீட்டுக்கு யாரும் பத்து வருடத்துக்குத் தேக்கில் ரேக் அடிப்பதில்லை. வீடு விற்கப்போவதில்லை. அவளுக்கு வரவேண்டிய பாதி, வாடகை ஏறாத ஒரு கடையாக அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவளுக்காகப் பேசப் போனவர் தனக்காகப் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

தச்சரை அனுப்பிவிட்டு அண்ணிக்குப் போன் செய்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணி, டைல்ஸ் கடை இங்க வருதா?"

மறுபுறம் பாத்திரச் சத்தம் நின்றது.

"உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாரே..."

"சொல்லல."

"அது... யாரோ வெளியாளுக்குப் போறதுக்கு நம்ம கையிலயே இருக்கட்டுமேன்னுதான். நீங்களும் இங்கதானே வந்து இருக்கப் போறீங்க. தப்பா நினைக்காதீங்க."

"நான் வேலையை எங்க பார்க்கறது, அண்ணி?"

"இத்தனை வருஷம் உழைச்சது போதாதா? தனியாளாயிட்டீங்க. இனிமே யாருக்காக அந்தக் கம்பியைக் கட்டிட்டு அழணும்? எங்க கூட நிம்மதியா இருங்க."

அண்ணியின் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கணவன் இல்லையென்றால் ஒருத்திக்குக் கை எதற்கு என்று அண்ணி உண்மையிலேயே நம்பினாள்.

வாசலில் அண்ணனின் கார் ஹாரன் அடித்தது. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி என்ன சொல்லி என்ன என்ற மரத்துப்போன நினைப்போடுதான் அவள் ஏறி உட்கார்ந்தாள். பாதி வழியில் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணா, வீட்டை எப்போ விப்பாங்க?"

அண்ணன் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தார்; கியரை மாற்றினார்.

"மார்க்கெட் கொஞ்சம் டல்லா இருக்கு, பாப்பா. ஏறட்டும். ஆறு மாசம், எட்டு மாசம். நான் மாப்பிள்ளையை விடுவேனா என்ன?"

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். கணவர் சொன்ன "மனசு ஒட்டல"யை அவள் ஒரு மாதத்தில் விழுங்கிவிட்டாள். இதை விழுங்க முடியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதிவு அலுவலகத்தில் கணவர் முன்பே வந்து காத்திருந்தார். சலவைச் சட்டை. அவளைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார், பழக்கதோஷம். அண்ணன் அந்த இடத்தில் உட்கார்ந்தார். அவள் நின்றாள்.

நின்ற இடத்திலிருந்து பதிவாளரின் மேசை நன்றாகத் தெரிந்தது. எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் அவளுக்கு வரும் பழக்கம் அது. முதலில் ஆளின் அடையாள அட்டை. பிறகு ஒரு சின்ன கேமராவைப் பார்த்து முகம். பிறகு கண்ணாடித் தகட்டில் கட்டைவிரல். இவை மூன்றும், எழுதியவர்தான் வந்திருக்கிறார் என்று காட்டுவதற்கு. கடைசியாகப் பதிவாளர் ஒரு கேள்வி கேட்டார்.

அவளுக்கு முன்னால் ஒரு முதியவர் மகனுக்கு எழுதிக் கொடுக்க வந்திருந்தார்.

"மனசு ஒப்பித்தான் எழுதிக் குடுக்கறீங்களா? யாரும் வற்புறுத்தலையே?" பதிவாளர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார், பஸ் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்பதுபோல.

முதியவருக்குக் காது கேட்கவில்லை. மகன் குனிந்து, "ஆமான்னு சொல்லுப்பா," என்றான்.

"ஆமா," என்றார் அவர். முத்திரை விழுந்தது.

அவளுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. பத்திரம் முழுவதும் அச்சடித்து, பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கி, சாட்சி வைத்து, முகத்தைப் படம்பிடித்து, விரலையும் பதிந்துகொண்ட பிறகும் அது பாதி வேலைதான். அந்த ஒரு "ஆமா" வந்து விழுகிற வரைக்கும் வீடு நகரவில்லை. காகிதம் பொய் சொல்லும் என்று தெரிந்த எவரோ, காகிதத்துக்கு வெளியே ஒரு கேள்வியை விட்டுவைத்திருக்கிறார்கள். ஊர் அதையும் சடங்காக்கித் தேய்த்துவிட்டது. ஆனாலும் கேள்வி இன்னும் அங்கேதான் இருந்தது.

அவர்களைக் கூப்பிட்டார்கள். அடையாள அட்டை. முகம். கட்டைவிரல்.

"மனசு ஒப்பித்தான் எழுதிக் குடுக்கறீங்களா? யாரும் வற்புறுத்தலையே?"

"ஆமாங்க சார்," என்றார் அண்ணன்.

"அவங்க சொல்லணும்."

"இல்லைங்க," என்றாள் அவள்.

பதிவாளர் பாதி கவனத்தில், "வற்புறுத்தல் இல்ல, சரி," என்று தட்டச்சு செய்யப் போனார்.

"சார், நான் சொன்னது முதல் கேள்விக்கு. எனக்கு மனசு ஒப்பல."

பதிவாளர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். கூட வந்திருந்த பத்திரம் எழுதுபவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"என்னம்மா இது? கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான். என்கிட்ட ஒண்ணைச் சொல்லி வாங்கினாங்க. நடக்கப்போறது வேற."

"பாப்பா!" என்றார் அண்ணன்.

"இதை வீட்டிலயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?" பதிவாளரின் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான்.

"வீட்டில யாரும் கேக்கலைங்க," என்றாள் அவள். "எழுதணும்னு சொன்னாங்க, எப்போ எழுதணும்னு சொன்னாங்க, எவ்வளவு மிச்சமாகும்னு சொன்னாங்க. உனக்குச் சம்மதமான்னு நீங்கதான் முதல்ல கேட்டீங்க."

பதிவாளர் பத்திரத்தை மூடி, மேசையின் மறுபக்கமாகத் தள்ளி வைத்தார். "எழுதிக் குடுக்கறவங்க சம்மதம் இல்லன்னு சொன்னா நான் பதிய முடியாது. அடுத்தவங்க வாங்க."

வெளியே வந்ததும் கணவர்தான் முதலில் பேசினார். அப்போதும் சத்தம் போடவில்லை. "நாலு பேர் முன்னாடி இப்படி அசிங்கப்படுத்திட்டியே. நான் உனக்கு என்ன குறை வச்சேன்?"

"உனக்காகத்தானே பாப்பா நான் நாயா அலைஞ்சேன்?" என்றார் அண்ணன்.

"தேக்கு ரேக்கும் எனக்காகத்தானா, அண்ணா?"

கணவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "என்ன மச்சான், பக்குவமா சொல்லிட்டேன்னீங்களே?"

"சொல்லாம விட்டா என்ன இப்ப? கூடப் பிறந்தவன் ஒரு கடை போட்டா என்ன கெட்டுப்போச்சு? வெளியாளா நான்? உன்னைத் தெருவுலயா விடப் போறேன்?" அண்ணனின் முகம் சிவந்திருந்தது, அவமானமா கோபமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "இன்னியோட சரி. இனிமே உன் விஷயத்துல நான் தலையிட மாட்டேன். என் வீட்டு வாசப்படி மிதிக்காத."

அவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. வீட்டுக்காக இல்லை. மேட்டில் மூச்சு வாங்க மிதித்தவரின் முதுகு, அவர் திரும்பி நடந்தபோது அப்படியே தெரிந்தது. அவள் கூப்பிடவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"நீங்க போட்ட பணத்தை இல்லன்னு நான் சொல்லமாட்டேன். விவாகரத்து ஆகட்டும். உங்க பங்கு இதுன்னு கோர்ட்டு சொல்லட்டும். மாசாமாசம் கட்டியாவது குடுத்துடறேன். பட்டறை என்கிட்டதான் இருக்கும்."

"இத பாரு, கோவத்துல முட்டாள்தனம் பண்ணாத." உண்மையான அக்கறையோடுதான் அவர் சொன்னார், வியாபாரி, பணம் வீணாவது பொறுக்காது. "விவாகரத்துக்கு அப்புறம் எதை எழுதினாலும் முழுக் கட்டணம். உனக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம். இப்ப ஒரு வார்த்தை ஆமான்னு சொன்னா சல்லிக்காசுல முடியும். வாங்கறப்ப உன்னால ஒரு சலுகை கிடைச்சுது. இப்பவும் உன்னாலதான் கிடைக்குது. அதை ஏன் விடணும்?"

அவள் அவரையே பார்த்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவளால் கிடைத்தது இன்னது என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டது இதுவே முதல் தடவை.

"பிரிஞ்சப்புறம் எழுதினா என்ன கட்டணமுங்க?"

"அதான் சொல்றேனே. அந்நியங்களுக்கு என்னவோ அது."

"அப்போ அதுவே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.